பர்வதம் கோமாவில் படுத்த மாசம்

ஆமாம்மா, நான்தான். பர்வதம்தான். ஏறினதுலேருந்து ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தீங்க. தாம்பரம் வர்றதுக்குள்ள கேட்டுடுவீங்கன்னு நினைச்சேன், செங்கல்பட்டே வந்துடுச்சு. பயப்படாதீங்க, வீட்டுல நான் ரொம்ப சாது. நிஜப் பேரு சோலையம்மாள். சினிமாவுக்கு வந்த புதுசுல, இந்தப் பேரு போஸ்டர்ல எடுக்காதும்மான்னு ஒரு டைரக்டர் ரத்னசுதான்னு மாத்தி விட்டாரு. இப்ப அந்த ரெண்டு பேரையும் சொல்லி யாரும் கூப்பிடறதில்லை. காய்கறிக்காரர்லேருந்து பாங்க் மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் பர்வதம்தான். ஏழு வருஷமா சீரியல்ல ஒரே மருமகளைப் படுத்திக்கிட்டிருந்தா வேற என்ன பேரு மிஞ்சும்?

முறுக்கு எடுத்துக்கங்க. தங்கச்சி வீட்டுக்குன்னு வாங்கினது, பரவாயில்லை, நிறைய இருக்கு.

என்ன கேட்டீங்க, நடுவுல ஒரு மாசம் பர்வதத்தை ஏன் கோமாவுல போட்டாங்கன்னா? எல்லாரும் இதைத்தான் கேட்கறாங்க. மாடிப்படியில எண்ணெய் கொட்டியிருந்துச்சு, வழுக்கி விழுந்தான்னு நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. அது கதை. நிஜத்துல நான் வழுக்கினது ஒரு மைக்கு முன்னாடி. சொல்றேன், மதுரை வரைக்கும் நேரம் கிடக்கு.

எங்க ஊரு பூவநேரி. ராஜபாளையம் பக்கம், சின்ன ஊரு. ஊருக்கு நடுவுல, பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு. சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் அதுதான். என் தங்கச்சி பேச்சியம்மா அங்கேயே இருக்கா. அவ மக காளீஸ்வரி அப்ப ஏழு மாசக் கர்ப்பம். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரியை எடுத்துட்டுப் போய் பைபாஸ் ரோட்டுல புதுக் கட்டடம் கட்டி வைக்கப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க. பேச்சி தினம் போன் பண்ணிப் புலம்புவா. அங்க பஸ்ஸே கிடையாதுக்கா, பொழுது சாஞ்சா ஆட்டோக்காரங்களும் வர மாட்டாங்க, இந்தப் புள்ளைக்கு வலி வந்தா நான் எங்க தூக்கிட்டு ஓடுவேன்னு கேட்பா. நான் என்ன பண்ண முடியும்? மேக்கப் போட்டுக்கிட்டே உம் கொட்டுவேன்.

அந்தச் சமயத்துல மதுரையில ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டிட்டு வெளியில வந்தா மைக்கை நீட்டறாங்க. மைக்ல நம்ம சேனல் பேரு. நம்ம சேனல்னா, சீரியல் போடறாங்களே, அவங்களோட நியூஸ் சேனல். ஒரே முதலாளி, ஒரே கட்டடம். மேல் மாடியில சீரியல், கீழ் மாடியில நியூஸ், லிஃப்ட் ஒண்ணுதான். அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே, அடுத்து மருமகளை என்ன பண்ணப் போறீங்கம்மான்னு கேட்டுச்சு. அன்னைக்குக் காலையிலதான் பேச்சி போன்ல அழுதிருந்தா. எனக்கு அது மனசுலயே நின்னுச்சு.

"மருமகளை விடுங்க தம்பி. எங்க ஊருப் பிரசவ ஆஸ்பத்திரியைத் தூக்கிட்டுப் போய் பைபாஸ்ல வைக்கறாங்களாம். இடுப்பு வலி வந்தவ பஸ் மாறி பஸ் மாறியா போவா? இந்தத் திட்டம் போட்டவங்க வீட்டுல யாரும் பிள்ளையே பெத்ததில்லையா?"

இவ்வளவுதாம்மா சொன்னது. சொல்லிட்டு, கடைக்காரர் கொடுத்த பட்டுப் புடவையை வாங்கிக்கிட்டு ரயிலேறிட்டேன். சென்னை வந்து இறங்கறதுக்குள்ள நான் அரசியல்வாதி ஆயிட்டேன்.

நியூஸைப் போட்டா, என் முகம் பெருசா இருக்கு. கீழ, எல்லை மீறுகிறார்களா நட்சத்திரங்கள்னு சிவப்பு எழுத்து. ஒரு மேசையைச் சுத்தி நாலு ஆம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க. அதுல பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தர், அரசியல் விமர்சகராம், ரொம்ப வருத்தப்பட்டாரு. அடிப்படை அறிவு இல்லாம நடிகர் நடிகைங்க எல்லாத்துலயும் கருத்து சொல்றது ஜனநாயகத்துக்கே ஆபத்துன்னாரு. அதோட விட்டாங்களா? சீரியல்ல நான் நிறைமாசமா இருக்கற மருமகளைக் கொட்டற மழையில வீட்டை விட்டுத் துரத்தினேனே, அந்த சீனைப் போட்டு, இவரா பிரசவத்தைப் பத்திப் பேசறதுன்னு கேட்டாங்க. அந்த மழை லாரித் தண்ணிம்மா. அந்தப் பொண்ணு வயித்துல இருந்தது தலகாணி. அந்த சீன் ஓடின வாரம் மேல் மாடியில கேக் வெட்டினாங்க. அதையே எடுத்துக் கீழ் மாடியில என்னைக் கேள்வி கேட்கறாங்க.

நான் அழலை. நான் அழற ஆளில்லை, அழ வைக்கற ஆளு. ஆனா கஷ்டமா இருந்துச்சு. பேச்சிதான், அக்கா நல்லாப் பேசினேக்கா, இங்க எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசறாங்கன்னா. அது போதும்னு இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில ருத்ரகுமார் சார் படத்துப் பாட்டு வெளியீட்டு விழா. பெரிய ஹீரோ, நான் சொல்லணுமா. அவர் கூட ஒரு படத்துல நான் வேலைக்காரியா நடிச்சிருக்கேன், நல்ல மனுஷன், சாப்பிட்டீங்களான்னு கேட்பாரு. விழாவுல பேசும்போது கண்ணாடியைக் கழட்டிட்டு, "ஒரு தாயோட வலிக்கு பைபாஸ் கிடையாது"ன்னாரு. அரங்கமே விசிலடிக்குது. அடுத்த நாள் நியூஸ்ல அதே மேசை, அதே நாலு பேரு. கீழ எழுத்து மட்டும் வேற. களம் காண்கிறாரா ருத்ரகுமார்? பின்னாடி மியூசிக்கு வேற. பழுப்புக் கோட்டுக்காரர், கலைஞனுக்குச் சமூகப் பொறுப்பு உண்டு, மக்களோட வலியை அவன் பேசலைன்னா வேற யாரு பேசுவான்னு கேட்டாரு. கோட்டைக்கூட மாத்தலை. பைபாஸ்ங்கற வார்த்தையில எத்தனை அர்த்தம் ஒளிஞ்சிருக்குன்னு இன்னொருத்தர் விளக்கினாரு.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ருத்ரகுமார் சார் மேல கோபமில்லை, அவர் சொன்னதால விஷயம் பெருசாச்சு, நல்லதுதானே? ஆனா பாருங்க, அவர் சொன்னா பொறுப்பு, நான் சொன்னா வரம்பு மீறல். அவரும் மேக்கப் போட்டுக்கிட்டுதானே வர்றாரு. என்ன, நான் போடறது பொட்டு கொஞ்சம் பெருசா இருக்கும்.

நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்க, இதை முடிச்சுடறேன்.

அப்புறம் என்னையே விவாதத்துக்குக் கூப்பிட்டாங்க. திரைப் பிரபலங்கள் அரசியல் பேசலாமான்னு தலைப்பு. நெறியாளர் கௌசிகன்னு ஒரு தம்பி. உள்ள போறதுக்கு முன்னாடி, எங்க அம்மா உங்க ரசிகைம்மான்னு பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கிச்சு. லைட்டு எரிஞ்சதும் அந்தத் தம்பியோட முகமே மாறிடுச்சு, என்னா நடிப்புங்கறீங்க. என்னைப் பார்த்து ரொம்பப் பணிவா, "நடிக்க வந்தவங்க நடிப்போட நிறுத்திக்கலாமே? விஷயம் தெரிஞ்சவங்க பேசட்டுமே?"ன்னு கேட்டாரு.

ஏழு வருஷமா வசனம் பேசற வாய்ம்மா இது. சும்மா இருக்குமா? "தம்பி, உங்க சேனல்ல எண்ணெய் விளம்பரத்துல நான் வர்றேன். இந்த எண்ணெய்தான் இதயத்துக்கு நல்லதுன்னு அடிக்கடி சொல்றேன். அப்ப யாரும், நீ டாக்டரான்னு கேட்கலை. இதயத்தைப் பத்தி நான் பேசலாம், ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசக்கூடாதா?"

அந்தத் தம்பி விளம்பர இடைவேளைன்னு சொல்லிடுச்சு. இடைவேளையில என் எண்ணெய் விளம்பரமே வந்துச்சாம், பேச்சி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அந்த ஒரு துண்டு வீடியோவைத்தான் எல்லாரும் போன்ல அனுப்பிக்கிட்டாங்க. உங்களுக்கும் வந்திருக்கும். வந்துச்சா? பார்த்தீங்களா, நினைச்சேன்.

சந்தோஷமா ஷூட்டிங் போனேன். டைரக்டர் ஜெயகரன் வந்து, அம்மா, கதையில ஒரு திருப்பம்னாரு. அவர் திருப்பம்னு சொன்னாலே எனக்குப் பயம். ஏதோ மேலிடத்துலேருந்து சேனலுக்குப் பேசிட்டாங்கபோல, யாரு என்னன்னு அவர் சொல்லலை. கொஞ்ச நாள் நீங்க பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னாரு. நான் பேசாம எப்படிப்பா சீரியல் ஓடும்னேன். அதான்மா கோமான்னாரு.

எவ்வளவு நாளைக்குன்னு கேட்டேன். மேல சொல்ற வரைக்கும்னாரு. நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். கோமாவுலேருந்து போட்டோவுக்கு மாலை போடறதுக்கு ஒரு எபிசோடு போதும். ஏழு வருஷ வேலை. இந்த வயசுல வேற யாரு கூப்பிடுவா?

படுத்தேன். தனியார் ஆஸ்பத்திரி மாதிரி செட்டு, என் வீட்டு ஹாலைவிடப் பெரிய ரூம். ஏசி, பூச்சாடி, ஜன்னலுக்குத் திரை. நடுவுல ஒரே கட்டில், அதுல நான். வாய்க்கு மாஸ்க்கு, கையில டியூபு. நல்லாத் தூங்கினேம்மா, பொய் சொல்லக்கூடாது. ஒரு தடவை குறட்டை விட்டு ஒரு டேக் போச்சு. மகன் உருக்கமா அழறான், அம்மா கொர்ருங்கறா. யூனிட்டே வெளியில போய்ச் சிரிச்சுட்டு வந்துச்சு.

இதுக்கு நடுவுலதான் அந்தப் பொண்ணு விவகாரம். மருமகளா நடிக்குதே, இளவேனிலு, நிஜப் பேரு சிந்துஜா. அரூர் பக்கத்துப் பொண்ணு. தங்கமான பொண்ணு, அதுல சந்தேகமில்லை. அம்மா அம்மான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கும். நான் அடிக்கற சீன்ல, அம்மா நல்லா அடிங்க, அப்பதான் எனக்கு அழுகை வரும்னு சொல்லும். சேலத்துல ஒரு காலேஜ் விழாவுக்குப் போயிருக்கு. அங்கேயும் மைக்கை நீட்டியிருக்காங்க. உங்க மாமியார் ஆஸ்பத்திரியைப் பத்திச் சொன்னதை ஏத்துக்கறீங்களான்னு கேள்வி.

சிரிச்சுட்டு வர வேண்டியதுதானே? அம்மா சொன்னது அம்மாவோட கருத்து, எனக்கென்னவோ புதுக் கட்டடம் வந்தா நல்லதுன்னுதான் தோணுது, இந்த மாதிரிப் பழைய வார்டுலெல்லாம் ஒரே கட்டில்ல ரெண்டு பேரைப் படுக்க வைக்கறாங்க, பஸ் வேணும்னு சேர்த்துக் கேட்கலாமேன்னு சொல்லியிருக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நான் வேலைக்கே உலை வெச்சுக்கிட்டு மல்லாந்து படுத்துக் கிடக்கேன், இவ போய் அந்தப் பக்கம் பேசிட்டு வர்றா. சேனல்காரங்களுக்குக் கொண்டாட்டம். திரையில மட்டுமல்ல நிஜத்திலும் மோதும் மாமியார் மருமகள்னு காலையிலேருந்து ஓட்டறாங்க. அந்தப் பொண்ணைத் திட்டாத ஆளில்லை. எங்க ஊருக்காரங்க துரோகின்னாங்க. மத்தவங்க, இது யாரு காசு கொடுத்துப் பேச வெச்சதுன்னு கேட்டாங்க. சமையல் கத்துக்கிட்டியான்னு ஒருத்தன் கேட்கறான். செட்டு வாசல்ல என்னைப் பிடிச்சு, இதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க. நானும் சொன்னேன்.

"அவ சின்னப் பொண்ணு. நடிக்க வந்தவ நடிப்போட நிறுத்திக்கணும். விஷயம் தெரிஞ்சவங்க பேசட்டும்."

என்ன, ஒரு மாதிரி பார்க்கறீங்க? அது வேறம்மா, இது வேற. அந்தத் தம்பி கேட்டது என்னை வாயடைக்க. நான் சொன்னது அவ நல்லதுக்கு. நான் எங்க ஊரைப் பத்திப் பேசினேன், எனக்கு உரிமை இருக்கு. அவளும் எங்க ஊரைப் பத்திதான் பேசினா, அதான் தப்புங்கறேன். அப்புறம், நான் பேசினது மனுஷத்தனம், அவ பேசினது அரசியல். உங்களுக்குப் புரியுதுல்ல? புரியலைன்னாலும் பரவாயில்லை, முறுக்கு எடுத்துக்கங்க.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் அந்தப் பொண்ணு என்கிட்ட வரலை. கேமரா ஓடினா என் மேல விழுந்து அழும். கட்னு சொன்னா எழுந்து போய் மூலையில உட்கார்ந்துக்கும். ஒரு நாள் லைட்டு சரியில்லைன்னு மாத்திக்கிட்டிருந்தாங்க. முடி கலைஞ்சிடும், டியூபு நகர்ந்திடும், அசையாதீங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுக் கட்டை மாதிரி கிடக்கேன். கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு அவ உட்கார்ந்திருந்தா. என் முகத்தைப் பார்க்காம, போர்வையோட நூலைப் பிரிச்சுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சா.

அவளுக்கு ஒரு அக்கா. முதல் பிரசவம், அவங்க பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்ணுல. கூட்டம், இடமில்லை. ஒரே கட்டில்ல அக்காவையும் இன்னொரு பொண்ணையும் தலையும் காலுமா படுக்கப் போட்டிருக்காங்க. ரெண்டு தாயி, ரெண்டு பிள்ளை. விடியற நேரம் அசதியில பக்கத்துப் பொண்ணு புரண்டிருக்கா, ஓரத்துல இருந்த அக்கா பிள்ளை கீழ விழுந்துடுச்சு. பிழைச்சுடுச்சு. நல்லாப் படிக்குதாம் இப்ப. ஆனா வலது கை தோளுக்கு மேல வராது. "கிளாஸ்ல பதில் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்கன்னா, அது இடது கையைத்தான் தூக்கும்மா. டீச்சர் திட்டுவாங்க, மரியாதை தெரியலைன்னு"ன்னா.

அப்புறம், "உங்களை எதிர்த்துப் பேசணும்னு பேசலைம்மா. கேட்டாங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்"ன்னா.

ஏதாவது சொல்லலாம்னா, வாயில மாஸ்க்கு. கண்ணைத் திறந்து பார்க்கலாம்னா, கண் மை கலையும். லைட்டு ரெடின்னு குரல் வந்துச்சு, அவ எழுந்து, அத்தை கண்ணைத் திறந்து பாருங்கத்தைன்னு வசனத்தை ஆரம்பிச்சுட்டா. அந்த டேக்ல என் கண்ணுலேருந்து தண்ணி வந்துடுச்சு. கோமாவுல இருக்கறவளுக்குக் கண்ணீர் வருமான்னு ஜெயகரன் யோசிச்சாரு, அப்புறம் நல்லா இருக்குன்னு வெச்சுக்கிட்டாரு. அது என்னன்னா, அந்த மாஸ்க்கு ரப்பர் வாசனை எனக்கு ஒத்துக்காது. கண்ணு எரியும்.

மாஸ்க்கைக் கழட்டினதும் அவகிட்ட சொல்லிட்டேன். எல்லாம் சரிதான், ஆனா இதையெல்லாம் மைக்ல போய்ச் சொல்லக்கூடாது, ஒண்ணு சொன்னா ஒம்பதா திரிப்பாங்க, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகணும்னேன். சரிம்மான்னா. அப்புறம் எங்கேயும் அவ வாயைத் திறக்கலை. யாரு மைக்கை நீட்டினாலும் கும்பிட்டுட்டுப் போயிடுவா. நல்ல பொண்ணு, சொன்னா கேட்டுக்கும்.

விழுப்புரத்துல காபி வந்துச்சே, நீங்க வாங்கலையே. பேசிக்கிட்டே விட்டுட்டோம். சரி, அடுத்து விருத்தாசலத்துல வரும்.

ஒரு மாசம்கூட முழுசா படுக்க விடலை என்னை. பர்வதம் இல்லாம சீரியலைப் பார்க்க முடியலைன்னு சேனலுக்கு லெட்டரும் போனுமா வந்திருக்கு. ஒரு பாட்டிம்மா, தினம் சாயங்காலம் அவளைத் திட்டிட்டுச் சாப்பிட்டாதான் எனக்குச் சோறு இறங்குதுன்னு எழுதியிருந்தாங்களாம். பார்க்கறவங்க எண்ணிக்கை குறைஞ்சதும் மேலிடமாவது கீழிடமாவது. கண்ணைத் திறக்கச் சொல்லிட்டாங்க. நான் கண்ணைத் திறந்து முதல்ல பேசின வசனம் என்ன தெரியுமா? யாரைக் கேட்டுடி என் அறைக்குள்ள வந்தே. அன்னைக்கு அந்த சீனுக்கு எங்க ஊர்ல பட்டாசு வெடிச்சாங்களாம்.

அதே நேரத்துல ஆஸ்பத்திரித் திட்டத்தையும் கைவிட்டுட்டாங்க. பழைய இடத்துலயே இருக்கும்னு அறிவிப்பு வந்துச்சு. பேச்சி போன்ல கத்தறா, எனக்கு ஒண்ணும் புரியலை, அழறாளா சிரிக்கறாளான்னு தெரியலை. ஊர் முழுக்க போஸ்டராம். தாய்மையின் காவலரே நன்றின்னு ருத்ரகுமார் சார் ஆளுயரத்துக்கு நிக்கறாராம், கையில ஒரு குழந்தையோட. அது அவர் படத்து ஸ்டில்லு. என் படமும் ஒண்ணுல இருந்துச்சாம். கீழ ஓரத்துல, வட்டத்துக்குள்ள, ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் ஒரு வக்கீலுக்கும் நடுவுல. பேச்சிக்குக் கோபம். எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. காரியம் நடந்துச்சா, அதுதானே. நன்றியை யாரு வாங்கினா என்ன? அந்தப் போஸ்டரைக் கிழியாம உரிச்சுக் கொண்டான்னு மட்டும் பேச்சிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

காளீஸ்வரிக்குப் போன மாசம் பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. ஊருக்கு நடுவுலயே, வலி வந்து நடந்தே போய்ப் பெத்தா. அதுக்குத்தானே இவ்வளவும். மறுநாள் வீடியோ போன்ல வந்தா. முகத்துல களைப்பு, ஆனா சிரிக்கறா. பிள்ளையைக் காட்டுடின்னேன். காட்டினா. பார்த்தா பக்கத்துல இன்னொரு காலு தெரியுது. யாரு காலுடி அதுன்னு கேட்டேன். கூட்டமா இருக்கு பெரியம்மா, கட்டில் இல்லை, ஒரே கட்டில்ல ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க, பக்கத்துல இருக்கறவங்க வத்திராயிருப்புப் பக்கமாம், நல்ல மாதிரி, பேச்சுத்துணைக்கு ஆச்சுன்னா.

"காளி, பிள்ளையைச் சுவத்து ஓரமாப் படுக்க வை. நீ தூங்காதே. உங்க அம்மாவை வரச் சொல்லு, யாராவது ஒருத்தர் முழிச்சுக்கிட்டே இருங்க"ன்னேன். ஏன் பெரியம்மான்னு கேட்டா. சொன்னதைச் செய்டின்னுட்டேன். வீட்டுக்குப் போற வரைக்கும் மணிக்கொரு தடவை போன் போட்டேன். ஷாட்டுக்கு நடுவுல போன், சாப்பாட்டுக்கு நடுவுல போன். சிந்துஜா பார்த்துக்கிட்டே இருந்தா. என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்டா. ஒண்ணுமில்லை, பிள்ளை பிறந்திருக்குன்னேன். கட்டில் கிடைச்சுதாம்மான்னா. நான் திரும்பவும் காளிக்குப் போன் போட்டேன். அவ ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிட்டா.

கடவுள் புண்ணியத்துல தாயும் பிள்ளையும் நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க. நாளைக்குப் பேரு வைக்கறாங்க, அதுக்குத்தான் போறேன். கொலுசு வாங்கி வெச்சிருக்கேன். என்ன பேருடின்னு கேட்டேன். சீரியல்ல என் மருமக பேருதான், இளவேனிலாம். ஏன், பர்வதம்னு வெச்சா ஆகாதான்னேன், காளிக்கு ஒரே சிரிப்பு.

ஆனா காளி வீட்டுக்காரன் இருக்கானே, அவன் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலை. அப்ப வார்டுல எடுத்து வெச்சிருந்த வீடியோவை இப்ப போட்டுட்டான். ஒவ்வொரு கட்டில்லயும் நாலு காலு. நேத்து பூரா அதுதான் நியூஸ்ல. ருத்ரகுமார் சாரை ஏர்போர்ட்ல மடக்கிக் கேட்டிருக்காங்க, தாய்மார்களுக்கு விசாலமான புதுக் கட்டடம் வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. பழுப்புக் கோட்டுக்காரர் இதைத் தொலைநோக்குங்கறாரு.

இன்னைக்குக் காலையில நான் பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன், கௌசிகன் தம்பி போன். அம்மா, சாயங்காலம் விவாதம், பூவநேரியைப் பத்திதான், நீங்க வந்தே ஆகணும், நீங்க ஆரம்பிச்சு வெச்ச விஷயம்னாரு. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சுப்பான்னேன். அப்ப வேற யாரைம்மா கூப்பிடறதுன்னாரு. ருத்ரகுமார் சாரைக் கூப்பிடுன்னேன். அவர் வெளிநாடு போயிட்டாராம்.

அப்புறம் சிந்துஜா நம்பரைக் கொடுத்தேன்.

அந்தப் பொண்ணான்னு இழுத்தாரு. சின்னப் பொண்ணாச்சேம்மா, நடிக்க வந்ததுன்னாரு. "அந்தப் பொண்ணுக்கு அந்தக் கட்டிலைப் பத்தித் தெரியும். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூப்பிட்டா நடுவுல குறுக்கே விழாம பேச விடு. இல்லைன்னா உங்க அம்மாகிட்ட நான் பேசறேன்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

வேற ஒண்ணும் இல்லைம்மா. எனக்கு ஊருக்குப் போற வேலை இருந்துச்சு, அதனாலதான் அவ நம்பரைக் கொடுத்தேன். நான் சொன்னது இன்னைக்கும் சரிதான், ஆஸ்பத்திரி ஊருக்குள்ளதான் இருக்கணும். வேணும்னா பக்கத்துலயே இன்னும் ரெண்டு மாடி ஏத்தட்டும்.

அப்புறம் அவளே போன் பண்ணினா. அம்மா, நிஜமாவே நான் பேசலாமான்னு கேட்டா. ஏழு வருஷமா என்கிட்ட அடி வாங்கினவ, ஒரு மேசைக்கும் நாலு ஆம்பளைங்களுக்கும் நடுங்கறா. போடி, போய்ப் பேசுன்னேன். எதைப் பத்தி வேணும்னாலும் பேசவாம்மான்னா. அது உன் வாய், என்னை ஏன் கேட்கறேன்னேன். கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்போல, பக்கத்து ஃப்ளாட்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

அரியலூர் தாண்டிட்டோமா? இப்ப ஆரம்பிச்சிருக்கும். இந்தப் போன்ல டிவி பார்க்கலாமாம், காளி வீட்டுக்காரன் ஏதோ போட்டுக் கொடுத்தான், எனக்கு எங்க தட்டறதுன்னு தெரியாது. நீங்க கொஞ்சம் பார்த்து வெச்சுக் கொடுங்க. அதேதான், அந்தச் சிவப்புப் படம். சுத்துது, சுத்தட்டும், சிக்னல் வரணும். வந்துடுச்சு. இதோ பாருங்க, வெள்ளைச் சுடிதார்ல உட்கார்ந்திருக்கா, மேக்கப்பே போடலை பைத்தியக்காரி. கௌசிகன் ஏதோ கேட்கறான். இருங்க, நீங்களும் அப்புறம் சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

பேச ஆரம்பிச்சுட்டா. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுங்க.